டக் ஹார்வி: ஒரு தடுப்பாட்டக்காரரின் தொழில் வரலாறு

வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஆறே அணிகளுக்குள் அடங்கியிருந்தது. மான்ட்ரியல், டொராண்டோ ஆகிய கனடிய நகரங்களிலும், டெட்ராய்ட், சிகாகோ, பாஸ்டன், நியூயார்க் ஆகிய அமெரிக்க நகரங்களிலும் இருந்த அந்த ஆறு அணிகளைக் கொண்டே நேஷனல் ஹாக்கி லீக் 1942 முதல் 1967 வரை இயங்கியது. ஏழாவது அணி ஒன்றுக்கு அதன் உரிமையாளர்கள் இடம் தரவில்லை. ஆகவே அந்த லீக்கில் ஆடிச் சம்பளம் வாங்கக்கூடியவர்கள் எந்தப் பருவத்திலும் ஏறத்தாழ 120 பேர்தான் இருந்தனர். அவர்களுள் கோலுக்கு முன்னால் நின்று எதிரணியைத் தடுக்கும் பொறுப்புடைய தடுப்பாட்டக்காரர்கள் முப்பதைச் சுற்றியே இருந்திருப்பர். மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணியின் டக் ஹார்வி அந்தச் சிறு கூட்டத்தில் தலைசிறந்தவர் என்பதில் அவர் காலத்தவரிடையே பெரிய கருத்து வேறுபாடு இருந்ததில்லை. ஆனால் அவருடைய வாழ்க்கையை வெற்றிகளின் வரிசையாக மட்டும் எழுதிவிட்டால் அதன் பாதி விடுபட்டுப்போகும். ஆடுகளத்தில் பன்னிரண்டு பேரின் வேகத்தையும் தன் விருப்பப்படி கூட்டவும் குறைக்கவும் வல்லவராயிருந்த ஒருவருக்கு, தான் எந்த ஊரில், யாருக்காக, என்ன ஊதியத்துக்கு ஆடுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை ஒரு துளியும் இருக்கவில்லை. அந்த உரிமையின் ஒரு பகுதியையேனும் பெற அவர் முயன்றார், அதற்குரிய விலையையும் கொடுத்தார்.

ஹார்வி செய்த மாற்றத்தை விளங்கிக்கொள்ள, தடுப்பாட்டம் என்னும் தொழில் அதற்கு முன் எவ்வாறு இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 1875 மார்ச் 3 அன்று மான்ட்ரியலின் விக்டோரியா சறுக்கு அரங்கில், ஜேம்ஸ் கிரைட்டன் என்பவரின் ஏற்பாட்டில், அணிக்கு 9 பேராக நடந்த ஆட்டத்தையே கூரைக்கடியில் நடந்த முதல் ஐஸ் ஹாக்கி ஆட்டமாக வரலாற்றாசிரியர்கள் கொள்கின்றனர். பின்னர் ஆட்டக்காரர் தொகை 7 ஆகக் குறைந்தபோது, கோல்காப்பாளருக்கு நேர்முன்னே ‘பாயிண்ட்’ என்னும் இடத்தில் ஒருவரும், அவருக்கும் முன்னே ‘கவர் பாயிண்ட்’ என்னும் இடத்தில் மற்றொருவருமாக, தடுப்பாட்டக்காரர் இருவர் ஒருவர் பின் ஒருவராக நின்றனர். ரக்பி ஆட்டத்தைப் போலவே அக்கால ஹாக்கியிலும் முன்னோக்கிப் பாஸ் கொடுப்பது விதிமீறலாகக் கருதப்பட்டதால், வட்டைக் கைப்பற்றிய தடுப்பாட்டக்காரர் செய்யக்கூடியது அதிகமில்லை. மட்டையின் அடிப்பகுதியால் அதைக் கிளப்பி அரங்கின் மறுகோடி நோக்கி உயரே எறிந்துவிட்டு, மீண்டும் தன் இடத்தில் காவலுக்கு நிற்பதே வழக்கமாயிற்று. (வட்டு என்று இங்கே குறிப்பிடப்படுவது ‘பக்’ எனப்படும் கெட்டிப்படுத்தப்பட்ட ரப்பர் துண்டு: விட்டம் 3 அங்குலம், தடிப்பு 1 அங்குலம், எடை ஏறத்தாழ 6 அவுன்ஸ்.) 1911-12 பருவத்தில் நேஷனல் ஹாக்கி சங்கம் என்னும் முந்தைய தொழில்முறை அமைப்பு அணியை 6 பேராகக் குறைத்தது. காலப்போக்கில் இரு தடுப்பாட்டக்காரரும் பக்கம் பக்கமாக நிற்கும் முறை வேரூன்றியது.

அடுத்த முப்பது ஆண்டுகளில் நடந்த விதி மாற்றங்களே இந்தத் தொழிலை உருமாற்றின. 1918இல் பனித்தளத்தின் குறுக்கே இரு நீலக்கோடுகள் வரையப்பட்டு, அவற்றுக்கிடைப்பட்ட நடுப்பகுதியில் மட்டும் முன்னோக்கிய பாஸ் அனுமதிக்கப்பட்டது. 1929-30இல் மூன்று பகுதிகளுக்குள்ளும் அது செல்லும் என்றாயிற்று. எனினும் ஒரு பகுதியிலிருந்து மறு பகுதிக்கு, நீலக்கோட்டைத் தாண்டி, முன்னோக்கிப் பாஸ் கொடுக்க முடியாது என்ற தடை நீடித்தது. இதன் விளைவாக, தன் கோலருகே வட்டைப் பெற்ற அணி அதைத் தன் மட்டையிலேயே தள்ளிக்கொண்டு சறுக்கி நீலக்கோட்டைக் கடக்க வேண்டியிருந்தது. எதிரணியினர் ஐவரும் அந்தக் கோட்டை அடைத்து நின்றால், தற்காத்து நின்ற அணி பல நிமிடங்களுக்குத் தன் எல்லைக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடந்தது. 1943-44இல் அரங்கின் நடுவே ஒரு சிவப்புக்கோடு வரையப்பட்டு, தன் கோலருகிலிருந்து அந்தக் கோடு வரை முன்னோக்கிப் பாஸ் கொடுக்கலாம் என்ற விதி வந்தபோது அந்தச் சிறை உடைந்தது. தாக்குதலின் முதல் அடியை எடுத்துவைக்கும் இடம் அன்றுமுதல் தடுப்பாட்டக்காரரின் மட்டை ஆயிற்று. அந்தப் புதிய வாய்ப்பின் ஆழத்தை முழுமையாக அறிந்த முதல் மனிதர் ஹார்வி என்று சொல்வது மிகையாகாது.

அவருக்கு முந்தைய தலைமுறையின் மாபெரும் தடுப்பாட்டக்காரர் பாஸ்டன் அணியின் எட்டி ஷோர். லீக்கின் மிகச்சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பையை 1933, 1935, 1936, 1938 ஆகிய ஆண்டுகளில் நான்கு முறை பெற்ற ஷோர், வட்டைத் தானே தள்ளிக்கொண்டு எதிரணியினரை மோதித் தள்ளியபடி அரங்கின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சென்றவர். பழைய விதிகளின்கீழ் தடுப்பாட்டக்காரர் தாக்குதலில் கலந்துகொள்ள அதைத் தவிர வேறு வழி இல்லை. உடல் வலிமையும் அஞ்சாமையுமே அந்த வழிக்கு மூலதனங்கள். பின்னாளில் ஓர் அணியின் உரிமையாளராக இதே ஷோர் இந்த வரலாற்றில் மீண்டும் வருவார்.

டக்ளஸ் நார்மன் ஹார்வி 1924 டிசம்பர் 19 அன்று மான்ட்ரியலில் பிறந்து, அந்நகரின் மேற்கிலுள்ள நோத்ர்-தாம்-த-கிராஸ் என்னும் பகுதியில் வளர்ந்தார். பிரெஞ்சு மொழி பேசுவோர் பெரும்பான்மையாக உள்ள நகரில், ஆங்கிலம் பேசும் குடும்பங்கள் செறிந்து வாழ்ந்த பகுதி அது. இரண்டாம் உலகப் போரின்போது கனடியக் கடற்படையில் பணிபுரிந்தார். போர் முடிந்த பின் மூன்று விளையாட்டுகளில் ஒரேசமயத்தில் திறம் காட்டினார்: கையால் பந்தை ஏந்தி ஓடும் கனடியக் கால்பந்து ஆடினார், ஒட்டாவா அணிக்காகக் கோடைக்காலங்களில் தொழில்முறை பேஸ்பால் ஆடி, அங்கும் சிறந்த மட்டையாளர் எனப் பெயர் பெற்றார், குளிர்காலத்தில் மான்ட்ரியல் ராயல்ஸ் என்னும் அணிக்காக ஹாக்கி ஆடினார். 1947இல் ராயல்ஸ் அணி கனடாவின் மூத்தோர் அமெச்சூர் சாம்பியனுக்குரிய ஆலன் கோப்பையை வென்றது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் ஹார்வி கனேடியன்ஸ் அணியில் சேர்ந்தார். வேறு விளையாட்டுகளில் பழகியதன் பயன் அவருடைய ஹாக்கியில் தெரிந்தது என்று கருத இடமுண்டு. பந்து எங்கே வரும் என்பதை முன்கூட்டியே கணிப்பதும், உடலைச் சற்றே திருப்பி எதிராளியை ஏமாற்றுவதும் அவருக்கு ஏற்கெனவே கைவந்திருந்தன.

தொடக்க ஆண்டுகளில் மான்ட்ரியல் ரசிகர்கள் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. வேகத்தையே உயர்ந்த அறமாகக் கொண்டிருந்த நகரில், தன் கோலருகே வட்டுடன் நிதானமாக நின்றுகொண்டிருக்கும் தடுப்பாட்டக்காரர் சோம்பேறியாகத் தோன்றினார். எதிராளி நெருங்கி வரும்வரை அவர் வட்டை விடாதது அகம்பாவமாகவும் தோன்றியது. உண்மையில் அந்தக் காத்திருப்பே அவருடைய முறையின் சாரம். 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உள்ள பனித்தளத்தில், எதிராளி ஒருவர் தன்னை நோக்கி விரைந்து வருகிறார் என்றால் அவர் விட்டுவந்த இடம் வெறுமையாகிறது என்று பொருள். அவர் மிக அருகில் வரும்வரை பொறுத்திருந்து, திரும்பிவர இயலாத கணத்தில் அந்த வெறுமைக்குள் பாஸ் கொடுத்தால், ஓர் ஆள் ஆட்டத்திலிருந்தே நீக்கப்பட்டவர் ஆகிறார். ஹார்வி இதை ஒவ்வோர் ஆட்டத்திலும் பலமுறை செய்தார். தன் அணி களைத்திருந்தால் வட்டை வைத்துக்கொண்டு ஆட்டத்தை மந்தமாக்கினார். எதிரணி ஆட்களை மாற்றும் நேரத்தில் சட்டென்று நீண்ட பாஸ் ஒன்றால் அதை முடுக்கினார். ஓட்டத்தின் வேகத்தைத் தேரோட்டி தீர்மானிப்பதைப் போல ஆட்டத்தின் வேகத்தை அவர் தீர்மானித்தார் என்றால், அவர் காலத்து ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் திரும்பத் திரும்பக் கூறியதையே வேறு சொற்களில் கூறுவதாகும்.

தற்காப்பிலும் அவருடைய வழி ஷோரின் வழியன்று. உடலால் மோதுவது அவருக்குத் தெரியாததன்று. தேவைப்பட்டபோது கடுமையாகவே மோதினார். 19 பருவங்களில் அவர் தண்டனைப் பெட்டியில் கழித்த நேரம் 1,216 நிமிடம் என்பது அவர் சாதுவான ஆட்டக்காரர் அல்லர் என்பதைக் காட்டும். ஆயினும் மோதலால் வட்டு எங்கோ சிதறிப்போகும், மட்டையால் பறித்தால் அது தன்னிடமே இருக்கும் என்ற கணக்கு அவருக்கு இருந்தது. ஆகவே எதிராளியை அரங்கின் ஓரத்துக்கு மெல்ல ஒதுக்கி, மட்டையை நீட்டி வட்டைக் கொய்துகொள்வதையே விரும்பினார். ஒரு பருவத்தில் 9 கோல்களுக்கு மேல் அவர் அடித்ததே இல்லை. மொத்தம் 1,113 ஆட்டங்களில் அவருடைய கோல்கள் 88 மட்டுமே, ஆனால் பிறர் அடித்த கோல்களுக்கு வழிசெய்த பாஸ்கள் 452. தன் ஒப்பந்தத்தில் கோலுக்கு ஊக்கத்தொகை இல்லை, ஆதலால் அது உள்ளவர்களுக்கு வட்டைக் கொடுத்துவிடுகிறேன் என்னும் கருத்துப்பட அவர் சொன்னதாக வழங்கும் செய்தி அவருடைய இயல்புக்குப் பொருந்துவது. சக ஆட்டக்காரரின் வருமானத்தைத் தன் ஆட்டத்தின் ஒரு பகுதியாகக் கருதிய மனிதர் பின்னர் தொழிற்சங்கத்தில் சேர்ந்ததில் வியப்பில்லை.

அவருடைய திறமை மிகக் கூர்மையாக வெளிப்பட்ட இடம் ‘பவர் பிளே’. கிரிக்கெட்டில் அந்தச் சொல் குறிப்பது வேறு. ஐஸ் ஹாக்கியில், ஓர் அணியின் ஆட்டக்காரர் தவறு செய்து 2 நிமிடம் தண்டனைப் பெட்டிக்கு அனுப்பப்படும்போது, மறு அணி ஓர் ஆள் மிகுதியுடன் ஆடும் இடைவேளையை அது குறிக்கும். மான்ட்ரியல் அணி அந்த நேரங்களில் ஹார்வியையும், வட்டை இடிபோல் அறையும் முன்களவீரரான பெர்னார் ஜெஃப்ரியோனையும் நீலக்கோட்டருகே நிறுத்தி, முன்னால் ழான் பெலிவோ, மோரிஸ் ரிஷார் முதலியோரை வைத்தது. வட்டு எதிரணி எல்லையை விட்டு வெளியேறாமல் காத்து, யார் தனித்து நிற்கிறாரோ அவரிடம் அதைச் சேர்ப்பது ஹார்வியின் வேலை. அக்கால விதிப்படி, கோல் விழுந்தாலும் விழாவிட்டாலும் தண்டனை பெற்றவர் 2 நிமிடமும் முடிந்த பிறகே திரும்ப முடியும். 1955 நவம்பர் 5 அன்று பாஸ்டனுக்கு எதிரான ஆட்டத்தில், அத்தகைய ஓர் இடைவேளையில், பெலிவோ 44 விநாடிகளுக்குள் 3 கோல்கள் அடித்தார். அடுத்த ஆண்டு லீக்கின் உரிமையாளர்கள் விதியையே மாற்றினர்: ஒரு கோல் விழுந்ததும் தண்டனை பெற்றவர் களத்துக்குத் திரும்பலாம். மான்ட்ரியல் மட்டுமே எதிர்த்து வாக்களித்தது. ஓர் அணியின் திறனைக் கட்டுப்படுத்துவதற்கென்றே இயற்றப்பட்ட அந்த விதி இன்றும் உலகெங்கும் நடைமுறையில் இருக்கிறது.

வெற்றிகளைச் சுருக்கமாகக் கூறலாம். லீக்கின் இறுதிப் பரிசான ஸ்டான்லி கோப்பையை 1953இலும், 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து முறையும் வென்ற அணியில் ஹார்வி இருந்தார். அந்த ஐந்தாண்டுத் தொடர் வெற்றியை இதுவரை வேறெந்த அணியும் எட்டவில்லை. தோல்வியும் ஒன்று நினைவில் நிற்பது. 1954 ஏப்ரல் 16 அன்று டெட்ராய்டில் நடந்த இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றபோது, டோனி லெஸ்விக் வெறுமனே எறிந்த ஒரு வட்டைக் கையுறையால் தட்டிவிட ஹார்வி முயன்றார். அது அவருடைய கையுறையில் பட்டுத் திசைமாறி, கோல்காப்பாளர் ஜெர்ரி மெக்நீலைக் கடந்து வலைக்குள் விழுந்தது, கோப்பை டெட்ராய்டுக்குச் சென்றது. அதே ஆண்டு, மறைந்த டெட்ராய்ட் உரிமையாளர் ஜேம்ஸ் நாரிஸின் பெயரால் அவருடைய பிள்ளைகள், சிறந்த தடுப்பாட்டக்காரருக்கென ஒரு கோப்பையை நிறுவினர். முதல் ஆண்டு அதை டெட்ராய்டின் ரெட் கெல்லி பெற்றார். அடுத்த எட்டு ஆண்டுகளில் ஏழு முறை அது ஹார்விக்கே கிடைத்தது. இடையில் 1959இல் பெற்றவரும் அவருடன் மான்ட்ரியலில் ஆடிய டாம் ஜான்சன்தான்.

இத்தனை புகழின் நடுவே ஆட்டக்காரர்களின் தொழில் நிலை எவ்வாறு இருந்தது என்பதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அரங்கில் அமர்ந்து கைதட்டியவர்களின் கண்ணுக்கு அது படவில்லை. பதின்ம வயதிலேயே ஓர் அணியின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இளைஞர், அந்த அணி தன்னை விற்கும் வரையிலோ விடுவிக்கும் வரையிலோ வேறு அணிக்கு ஆட முடியாது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் அவர் மீதான உரிமை அணியிடமே இருந்தது. ஊதியம் பொது மேலாளரின் அறையில் தனித்தனியாகப் பேசி முடிக்கப்பட்டது. முகவரோ வழக்கறிஞரோ உடன் வர இடமில்லை, ஒருவர் வாங்குவதை மற்றவர் அறிவதும் அரிது. முரண்டு பிடித்தவரைச் சிறு நகரங்களின் கீழ்நிலை லீக்குகளுக்கு அனுப்பிவிட்டு, அங்கே காத்திருக்கும் பலருள் ஒருவரை அழைத்துக்கொள்ள ஆறு உரிமையாளர்களாலும் முடிந்தது. 1947இல் தொடங்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்துக்கு ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஆண்டுக்கு 900 டாலர் செலுத்தினார். லீக் தன் பங்காக நட்சத்திர ஆட்டக்காட்சி ஒன்றின் வருவாயிலிருந்தும், இறுதிச்சுற்று நுழைவுச்சீட்டின் மீதான கூடுதல் கட்டணத்திலிருந்தும் ஒரு தொகையைச் சேர்த்தது. அந்த நிதியின் கணக்கைக் காட்டுமாறு ஆட்டக்காரர்களின் பிரதிநிதிகள் கேட்டபோது அது மறுக்கப்பட்டது.

அந்த மறுப்பே தொழிற்சங்கத்துக்கு வித்திட்டது. டெட்ராய்டின் முன்களவீரர் டெட் லிண்ட்சே, களத்தில் ஹார்வியின் கடும் பகைவர். ஓய்வூதியக் குழுவில் இருவரும் அருகருகே அமர நேர்ந்தபோது அந்தப் பகையை விலக்கி வைத்தனர். எதிரணியினருடன் பேசுவதே துரோகமாகக் கருதப்பட்ட காலத்தில், ஆறு அணிகளின் ஆட்டக்காரர்களையும் ஒவ்வொருவராக, மறைவாக அணுகிச் சம்மதம் பெறுவது எளிய காரியமன்று. 1957 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஆட்டக்காரர் சங்கம் அறிவிக்கப்பட்டது. லிண்ட்சே தலைவர், ஹார்வி துணைத்தலைவர். டொராண்டோவின் ஜிம் தாம்சன், பாஸ்டனின் ஃபெர்ன் ஃப்ளாமன், சிகாகோவின் கஸ் மார்ட்சன், நியூயார்க்கின் பில் காட்ஸ்பி ஆகியோர் மற்றப் பொறுப்பாளர்கள். லிண்ட்சே ஒருவர் நீங்கலாக, ஹார்வி உட்பட இவர்கள் அனைவரும் தடுப்பாட்டக்காரர்கள் என்பது கவனத்துக்குரியது. பிறர் கோல் அடிப்பதற்காகத் தாம் அடிவாங்கி நிற்பவர்கள், தொழிலின் நியாய அநியாயங்களை முன்னதாக உணர்ந்திருக்கக்கூடும்.

உரிமையாளர்கள் தாமதிக்கவில்லை. 1956-57 பருவத்தில் தன் வாழ்வின் மிக உயர்ந்த புள்ளிகளைக் குவித்திருந்த லிண்ட்சே, அந்தக் கோடையிலேயே, இளம் கோல்காப்பாளர் க்ளென் ஹாலுடன் சேர்த்து, அக்காலத்தில் மிகப் பலவீனமாயிருந்த சிகாகோவுக்கு அனுப்பப்பட்டார். தாம்சனும் டொராண்டோவிலிருந்து அதே சிகாகோவுக்கு அனுப்பப்பட்டார். டெட்ராய்டை நாரிஸ் குடும்பம் நடத்தியது; சிகாகோவின் உரிமையிலும் அக்குடும்பத்து மகன் ஒருவருக்குப் பங்கிருந்தது; ஹார்வி ஆண்டுதோறும் பெற்ற கோப்பை சுமந்ததும் அதே பெயரைத்தான். 1957 நவம்பரில் டெட்ராய்ட் ஆட்டக்காரர்கள் சங்கத்திலிருந்து விலகினர், அத்துடன் அதன் முதுகெலும்பு முறிந்தது. சங்கம் தொடுத்திருந்த வழக்கு 1958 பிப்ரவரியில் நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கப்பட்டு, குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 7,000 டாலர் என்பதும், ஓய்வூதியத்திலும் மருத்துவ உதவியிலும் சில உயர்வுகளும் ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்தன. சங்கத்தை அங்கீகரிக்க உரிமையாளர்கள் உடன்படவில்லை.

ஹார்வியை உடனே தண்டிக்க மான்ட்ரியலால் இயலவில்லை. அவர் இல்லாமல் அந்த ஐந்தாண்டு வெற்றித் தொடரே இல்லை என்பதைப் பொது மேலாளர் ஃபிராங்க் செல்க்கியும் பயிற்சியாளர் டோ பிளேக்கும் அறிந்திருந்தனர். 1960இல் மோரிஸ் ரிஷார் ஓய்வுபெற்றபோது ஹார்வி அணித்தலைவராகவும் ஆனார். அந்தப் பருவத்தில் கோப்பை கைநழுவியது. 1961 ஜூனில், ஆறாவது முறையாக நாரிஸ் கோப்பையைப் பெற்றிருந்த 36 வயது ஹார்வி, லூ ஃபாண்டினாட்டோ என்னும் முரட்டுத் தடுப்பாட்டக்காரருக்கு மாற்றாக நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்கு அனுப்பப்பட்டார். வயதே காரணம் என்று கருதியோர் உண்டு. சங்கத்தில் தான் ஏற்ற பங்குக்கான தண்டனை அது என்று ஹார்வி இறுதிவரை நம்பினார், அவர் நம்பிக்கைக்கு வலுவான அடிப்படை இருந்தது. ஃபாண்டினாட்டோவுக்கும் அந்த மாற்றம் நன்மை தரவில்லை: 1963 மார்ச்சில், மான்ட்ரியலின் ஃபோரம் அரங்கில், தன் பழைய அணியான ரேஞ்சர்ஸுக்கு எதிராக ஆடும்போது கழுத்தெலும்பு முறிந்து, அத்துடன் அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது.

நியூயார்க்கில் ஹார்வி ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஒரேசமயத்தில் பணியாற்றினார். மூன்று ஆண்டுகளாக இறுதிச்சுற்றுக்குத் தகுதி பெறாதிருந்த அணி, 1961-62இல் நான்காம் இடம் பிடித்துத் தகுதி பெற்றது; ஏழாவது நாரிஸ் கோப்பையும் அவருக்குக் கிடைத்தது. ஆயினும் ஓராண்டிலேயே பயிற்சியாளர் பதவியை விட்டுவிட்டார். ஆட்டம் முடிந்த பின் சக ஆட்டக்காரர்களுடன் அமர்ந்து குடித்துப் பேசிச் சிரிப்பதை அதிகாரத்துக்காக இழக்க அவர் விரும்பவில்லை. அந்த நட்பு அவருடைய உயர்ந்த பண்பாகவும், குடி அவருடைய துன்பமாகவும் பிரிக்க முடியாதபடி பின்னியிருந்தன.

1963-64 பருவத்தில் நியூயார்க் அவரை விடுவித்தது. அதன்பின் வந்த ஆண்டுகளில், உலகின் மிகச்சிறந்த தடுப்பாட்டக்காரர் எனப் பெயர்பெற்ற மனிதர், கியூபெக், பால்டிமோர், பிட்ஸ்பர்க், கான்சஸ் சிட்டி என்று கீழ்நிலை லீக்குகளின் நகரங்களில் ஆடிவந்தார். நாற்பதைக் கடந்த உடலால் வேகம் இயலாது. ஆனால் வேகத்தை நம்பியதல்ல அவருடைய ஆட்டம் என்பதால், இருபது வயதினரிடையே அவரால் நின்று ஆட முடிந்தது. 1967இல் பிட்ஸ்பர்க் ஹார்னெட்ஸ் அணியுடன் அந்நிலை லீக்கின் கால்டர் கோப்பையை வென்றார். அதே ஆண்டு நேஷனல் ஹாக்கி லீக் ஆறிலிருந்து 12 அணிகளாக விரிந்தது. புதிய அணிகளுள் ஒன்றான செயின்ட் லூயிஸ் புளூஸ், 1968 இறுதிச்சுற்றின் நடுவே, அவரைக் கான்சஸ் சிட்டியிலிருந்து அழைத்துக்கொண்டது. மான்ட்ரியலில் பிறந்து வளர்ந்த இளம் பயிற்சியாளர் ஸ்காட்டி போமன் முதிய ஆட்டக்காரர்களின் அனுபவத்தை மதித்தவர். 1957இல் லிண்ட்சேயுடன் சிகாகோவுக்கு அனுப்பப்பட்ட க்ளென் ஹாலே அங்குக் கோல்காப்பாளர். அவர்கள் கோப்பைக்கான இறுதித் தொடர் வரை சென்று, மான்ட்ரியலிடம் நான்கு ஆட்டங்களிலும், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில், தோற்றனர். அடுத்த பருவம் முழுவதும் ஆடிவிட்டு, 44ஆம் வயதில் ஹார்வி ஓய்வுபெற்றார்.

அவருக்குப் பின் தடுப்பாட்டத்தின் முகம் மீண்டும் மாறியது. 1966இல் பாஸ்டனில் ஆடத் தொடங்கிய பாபி ஓர், 1968 முதல் 1975 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து நாரிஸ் கோப்பையைப் பெற்றதோடு, லீக்கிலேயே மிகுதியான புள்ளிகள் எடுத்தவருக்கான பரிசையும் 1970இலும் 1975இலும் பெற்றார். தடுப்பாட்டக்காரர் எவரும் அதற்கு முன்னும் பின்னும் செய்யாதது அது. பாபி ஓர் வேகத்தால் ஆட்டத்தை ஆண்டார், ஹார்வி நிதானத்தால். இருவருள் யார் சிறந்தவர் என்ற வாதத்தில் பெரும்பாலோர் ஓரின் பக்கமே நிற்பர். எனினும் இன்றைய தடுப்பாட்டக்காரர் தன் கோலுக்குப் பின்னே வட்டுடன் நின்று, தலை நிமிர்த்தி, எதிராளி வரும்வரை காத்திருந்து கொடுக்கும் முதல் பாஸ் ஹார்வியின் பாடமே. ஹார்வியின் ஏழு என்ற எண்ணிக்கையை 2011இல் எட்டிய ஸ்வீடன் நாட்டவர் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோமின் ஆட்டத்தில், அந்தப் பாடத்தின் தெளிவான தொடர்ச்சியைக் காணலாம்.

ஓய்வுக்குப் பிந்தைய வாழ்க்கை அவருக்கு இரக்கம் காட்டவில்லை. குடிப்பழக்கம் வேலைகளையும் குடும்ப அமைதியையும் குலைத்தது. 1973இல் ஹாக்கிப் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டபோது, முந்தைய ஆண்டே தன் குடியைக் காரணம் காட்டித் தன்னை விலக்கிவைத்தார்கள் என்ற மனத்தாங்கலில், விழாவுக்குச் செல்ல மறுத்து மீன்பிடிக்கப் போய்விட்டார். பிற்காலத்தில் சில ஆண்டுகள் ஒட்டாவா அருகே ஒரு குதிரைப் பந்தயத் திடலில், முன்னாள் பிரதமர் ஜான் டீஃபன்பேக்கர் தேர்தல் பயணங்களுக்குப் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் பழைய ரயில் பெட்டியில் குடியிருந்தார். 1980களின் நடுவில் கனேடியன்ஸ் நிர்வாகம் அவரைத் தேடி அழைத்து, இளம் ஆட்டக்காரர்களை அடையாளம் காணும் பணியைக் கொடுத்தது. 1985 அக்டோபர் 26 அன்று அவர் அணிந்த 2ஆம் எண்ணை இனி எவருக்கும் வழங்குவதில்லை என ஃபோரம் அரங்கில் அறிவித்தது. 1989 டிசம்பர் 26 அன்று, 65 வயது நிறைந்த ஒரு வாரத்தில், கல்லீரல் நோயால் மான்ட்ரியலில் அவர் இறந்தார்.

அவரும் லிண்ட்சேயும் தொடங்கிய போராட்டம் அதற்குள் நெடுந்தூரம் சென்றிருந்தது. ஸ்பிரிங்ஃபீல்ட் நகரின் கீழ்நிலை அணிக்கு உரிமையாளராகி, ஆட்டக்காரர்களைக் கொடுமையாக நடத்திவந்த எட்டி ஷோருக்கு எதிராக, 1966 டிசம்பரில் அந்த அணியினர் ஆட மறுத்து நின்றனர். அவர்களுக்காக வாதாடிய டொராண்டோ வழக்கறிஞர் ஆலன் ஈகிள்சன், அடுத்த ஆண்டு நேஷனல் ஹாக்கி லீக்கின் ஆட்டக்காரர் சங்கத்தை மீண்டும் நிறுவி, இம்முறை உரிமையாளர்களின் அங்கீகாரத்தையும் பெற்றார். அதே ஈகிள்சன் பின்னர் ஆட்டக்காரர்களை ஏமாற்றிய குற்றத்துக்காக 1998இல் சிறை சென்றது இந்த வரலாற்றின் கசப்பான பகுதி. 1957இல் ஹார்வி கேட்டும் காட்டப்படாத ஓய்வூதியக் கணக்கு இறுதியில் நீதிமன்றத்தின் முன் திறக்கப்பட்டது. டொராண்டோவின் முன்னாள் தடுப்பாட்டக்காரர் கார்ல் புரூவர் முன்நின்று, மேலும் ஆறு முன்னாள் ஆட்டக்காரர்களுடன் தொடுத்த வழக்கில், அந்த நிதியில் சேர்ந்த உபரி ஆட்டக்காரர்களுக்கே உரியது, லீக் அதைத் தன் கடமைகளுக்குப் பயன்படுத்தியது தவறு என்று ஒன்டாரியோ நீதிமன்றம் 1992இல் தீர்ப்பளித்தது. 1994இல் கனடிய உச்ச நீதிமன்றம் லீக்கின் மேல்முறையீட்டை விசாரிக்க மறுத்தது. 4 கோடி டாலருக்கு மேற்பட்ட அந்தத் தொகை முன்னாள் ஆட்டக்காரர்களுக்கும், அவர்களுள் இறந்துபோனோரின் குடும்பங்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட வேண்டியதாயிற்று.